சாமுவேல்: எது சரியான பொருள்?

மகனுக்குச் சாமுவேல் என்று பெயரிடப் போகிறீர்கள். ஓரிடத்தில் ‘கடவுள் கேட்டார்’ என்றும் இன்னோரிடத்தில் ‘கடவுளின் பெயர்’ என்றும் பொருள் பார்த்துக் குழம்பியிருக்கிறீர்கள். இரண்டாவதுதான் எழுத்துக்குப் பொருந்துகிறது. எபிரேயத்தில் அது ஷெமூவேல்: ‘ஷேம்’ பெயர், ‘ஏல்’ கடவுள். ‘அவர் பெயர் ஏல்’ என்று பிரிப்பவர்களும் உண்டு.

தமிழில் குழப்பம் இன்னும் கூடுகிறது. செவியால் கேட்பதும் வேண்டிக் கேட்பதும் நமக்கு ஒரே சொல். எபிரேயத்தில் முன்னது ஷாமா, பின்னது ஷாஅல். ‘கடவுள் செவிகொடுக்கிறார்’ என்பது இஸ்மவேல் என்ற இன்னொரு பெயரின் பொருள். ஷாமாவில் உள்ள ‘ஆயின்’ என்ற எபிரேய எழுத்து அந்தப் பெயரில் இருக்கிறது, சாமுவேலில் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், பைபிளில் 1 சாமுவேல் 1:20இல் சாமுவேலின் தாய் அன்னாள் ‘கர்த்தரிடம் கேட்டேன்’ என்று காரணம் சொல்கிறாள். அங்கே வருவது ஷாஅல். அதிலிருந்து நேராகப் பிறக்கும் பெயர் ஷாஊல், அதாவது இஸ்ரவேலின் முதல் அரசனான சவுலின் பெயர்! 28ஆம் வசனத்தில் ‘ஷாஊல்’ என்ற வடிவமே வருகிறது. இது முதலில் சவுலின் பிறப்புக் கதையாக இருந்திருக்கலாம் என்று சில அறிஞர்கள் கருதுகிறார்கள். எனக்கென்னவோ, இது ஒலியை வைத்து வேண்டுமென்றே செய்த சொல்விளையாட்டு என்றே தோன்றுகிறது.

அழைப்பிதழில் ‘கடவுளின் பெயர்’ என்றே தாராளமாக அச்சிடுங்கள்.