பட்டறைப் பதில்கள்: மேனிஃபோல்டைக் கட்டிப்போடாதீர்கள்

கேள்வி: என்னிடம் 1987-ஆம் ஆண்டு பிரீமியர் பத்மினி இருக்கிறது, அப்பா வாங்கியது. ஒன்றரை ஆண்டில் மூன்று முறை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (இஞ்சின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் குழாய்) பேக்கிங்கை (இடையில் வைக்கும் கசிவுத் தடுப்பு) மாற்றிவிட்டேன். இரண்டு மாதம் அமைதியாக இருக்கும். பிறகு காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக்' என்று சத்தம் கேட்கும். இஞ்சின் சூடேறினால் அடங்கிவிடும். சென்ற முறை மெக்கானிக் சிவப்புப் பசையை இரண்டு பக்கமும் அப்பி, ஸ்பானரில் குழாயைச் செருகி இறுக்கினார். அதுவும் தாங்கவில்லை. இதைவிட நல்ல பசை ஏதாவது உண்டா?
(வாசகர், தேவகோட்டை)

பதில்: உண்டு என்று எழுதினால் நான்காம் முறையும் பேக்கிங் வாங்கப் போவீர்கள். எனவே பசையை முதலில் மறந்துவிடுங்கள். டியூபில் வரும் அந்தச் சிவப்பு சிலிக்கான் 300 டிகிரியைச் சற்றுத் தாண்டும் வரை தாக்குப்பிடிக்கும். எக்ஸாஸ்ட் வாயில் வெளிவரும் வாயுவோ, வண்டி மேடேறும்போது 700 டிகிரியைத் தொடும். சில நாளில் பசை வெந்து பொடியாகிவிடும். அது இருந்த இடம் இடைவெளியாகிவிடும். கனமாகப் பூசினால் இடைவெளியும் கனம்தான்.

நான் வேலை பழகியது மதுரையில் ஒரு சின்னப் பட்டறையில். உங்கள் வண்டியைப் போலவே ஒரு டாக்டரின் ஃபியட் மாதாமாதம் இதே சத்தத்தோடு வரும். நானும் குழாய் செருகி இறுக்குகிற வயதில் இருந்தேன். ஒருநாள் மேஸ்திரி மேனிஃபோல்டைக் கழற்றி, துடைக்காமல் அப்படியே பல்புக்குக் கீழே சாய்த்துப் பிடித்தார். இஞ்சினோடு ஒட்டும் முகங்களில் நடுவில் உள்ளதில் துருவும் கரியும் படிந்தபடியே இருந்தன. இரண்டு ஓர முகங்களில் மட்டும் கடுகளவு நீளத்துக்குக் குட்டிக் குட்டி வெள்ளிக் கோடுகள், எல்லாம் ஒரே திசையில். "இது தினமும் நடந்துவிட்டு வருகிறதடா. நீ அதன் காலைக் கட்டப் பார்க்கிறாய்" என்றார். அன்றைக்கு எனக்குப் பாதிதான் புரிந்தது.

இப்போது கணக்கோடு சொல்கிறேன். உங்கள் 1089 சி.சி. இஞ்சினில் பிளாக்கும் (இஞ்சினின் அடிப்பகுதி) மேனிஃபோல்டும் வார்ப்பிரும்பு, பிளாக்கின் மேல் உட்காரும் ஹெட் அலுமினியம். மேனிஃபோல்டு பொருந்துவது ஹெட்டில்தான். ஒரே சூட்டில் வைத்தால் அலுமினியம் இரும்பைப்போல் இரண்டு மடங்கு விரியும். ஆனால் சூடு ஒன்றாக இருப்பதில்லை. ஹெட்டைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிறது, அதன் சூடு 70, 80 டிகிரிதான் கூடும். மேனிஃபோல்டுக்கு அந்தச் சுகம் இல்லை. 400 டிகிரி கூடும். 300 மில்லிமீட்டர் நீளமுள்ள இரும்பு அந்தச் சூட்டில் ஏறக்குறைய 1.3 மி.மீ. நீளும். அதே நீள அலுமினியம் அரை மி.மீ. நீளும். மீதி முக்கால் மி.மீ. எங்கே போகும்? ஹெட்டின் மீது வழுக்கியபடி இரண்டு பக்கமும் பிரிந்து போகும். வண்டி ஆறியதும் திரும்பி வரும். டாக்டரின் ஃபியட்டில் இருந்த வெள்ளிக் கோடுகள் அந்தப் பயணத்தின் தடம். வழுக்க விடாமல் இறுக்கினால் மேனிஃபோல்டு வாழைப்பழம்போல் வளையும், அல்லது ஓர ஸ்டட் (ஹெட்டில் நிற்கும் மரைக் கம்பி) முறியும், அல்லது ஹெட்டின் மரை பிய்ந்துகொண்டு வரும். வளைந்த ஓரம் இஞ்சின் ஆறியிருக்கும்போது வாய் திறக்கிறது, சூட்டில் மூடிக்கொள்கிறது. நீங்கள் காலையில் கேட்கும் டிக் டிக் இதுதான்.

ஆகவே பசையின் காசை ஒரு நல்ல லேத் பட்டறைக்குக் கொடுங்கள். மேனிஃபோல்டைக் கழற்றிச் சுத்தம் செய்து, எல்லா முகங்களின் மீதும் ஒரு நேர்த்தகட்டை வைத்து, அடியில் 0.10 மி.மீ. ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் வளைந்துவிட்டது என்று அர்த்தம். நட்டை இறுக்கி நிமிர்த்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வார்ப்பிரும்பு நிமிராது, விரிசல் விடும். எல்லா முகங்களையும் ஒரே பிடிப்பில், ஒரே மட்டத்துக்குக் கிரைண்டிங் செய்து தரச் சொல்லுங்கள். ஒவ்வொன்றாகத் தனித்தனியே தேய்த்தால் பணம் தண்டம். ஹெட் பக்கமும் இதே சோதனை வேண்டும். ஆனால் அங்கே உளியையும் எமரித் தாளையும் கொண்டு போகாதீர்கள். அலுமினியம் மென்மையானது, சொன்னதற்கு மேலேயே கேட்கும். பித்தளைச் சுரண்டியோ கடினமான பிளாஸ்டிக் சுரண்டியோ போதும்.

அடுத்து ஸ்டட் துளைகளைப் பாருங்கள். மேனிஃபோல்டின் நடுத் துளை ஸ்டட்டுக்குச் சரியாக இருக்கலாம். ஓரத் துளைகளில் ஸ்டட்டைச் சுற்றி ஒரு மி.மீ.க்குக் குறையாமல் இடம் வேண்டும். அங்கே துருவும் பழைய பசையும் அடைத்திருந்தால் வட்ட அரத்தால் ராவிவிடுங்கள். பேக்கிங்கில் ஒரு பக்கம் மட்டும் தகடு இருந்தால், தகடு மேனிஃபோல்டைப் பார்க்க வேண்டும். வழுக்குகிற முகம் அதுதான். பசை ஒரு சொட்டுகூட வேண்டாம்.

நட்டுகள் பித்தளையாக இருக்கட்டும், துருவேறிப் பிடிக்காது. ஸ்பிரிங் வாஷர் அந்தச் சூட்டில் விறைப்பு இழந்து வெறும் கம்பியாகிவிடும். கனமான தட்டை வாஷர் போடுங்கள். நடுவிலிருந்து தொடங்கி, இடமும் வலமுமாக ஓரத்துக்குப் போங்கள், மூன்று சுற்றில். 8 மி.மீ. ஸ்டட்டுக்கு 20 நியூட்டன் மீட்டர் ஏராளம். டார்க் ரெஞ்ச் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பானர்) இல்லையா? ஒரு ஜாண் நீள ஸ்பானரின் நுனியில் ஒன்பது கிலோ தூக்குகிற அளவுக்குக் கை அழுத்தினால் அதுதான். குழாய்க்கு இங்கே வேலையே இல்லை. முதல் ஓட்டம் முடிந்து முழுதாக ஆறிய பிறகு ஒருமுறையும், 500 கிலோமீட்டர் கழித்து ஒருமுறையும் அதே அளவுக்குச் சரிபாருங்கள்.

இன்னொன்று. வண்டிக்கு அடியில் குனிந்து சைலன்சரைத் தாங்கும் ரப்பர்கள் முழுதாக இருக்கின்றனவா என்று பாருங்கள். அறுந்திருந்தால் மொத்தக் குழாயின் கனமும் மேனிஃபோல்டில் தொங்கும். இவ்வளவு செய்தும் பயன் இருக்காது.

கேள்வி: பழைய காரின் மேனிஃபோல்டைக் கழற்றும்போது ஒரு ஸ்டட் ஹெட்டிலேயே முறிந்துவிட்டது. கால் அங்குலம் வெளியே தெரிகிறது. ஈசி-அவுட் (முறிந்த துண்டில் துளையிட்டு, உள்ளே செருகித் திருப்பி எடுக்கும் கருவி) போட்டு எடுக்கலாமா?
(வாசகர், சங்கரன்கோவில்)

பதில்: கால் அங்குலம் வெளியே தெரிந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர். அதன் மேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் துளைக்குள்ளே வெல்டிங் வைக்கச் சொல்லுங்கள். இரும்புக்கு வைக்கும் வெல்டிங் அலுமினியத்தில் ஒட்டாது. அந்தச் சூட்டிலேயே பிடிப்பு விட்டுவிடும். கொஞ்சம் ஆறவிட்டு, மெழுகுவத்தியை மரை ஓரத்தில் தொட்டால் மெழுகு உருகி உள்ளே இறங்கும். பிறகு ஸ்பானரால் திருப்புங்கள். ஒரே திசையில் மல்லுக்கு நிற்காமல், முன்னே கால் சுற்று, பின்னே கால் சுற்று என்று அசைத்து அசைத்து எடுங்கள். நட்டு பிய்ந்து வந்தால் இன்னொரு நட்டு வையுங்கள். நான் ஒரே ஸ்டட்டுக்கு ஐந்து நட்டு வைத்திருக்கிறேன்.

ஈசி-அவுட் கடைசி வழி. அது உள்ளே முறிந்தால் சாதாரண டிரில்லுக்கு அசையாத எஃகுத் துண்டு ஒன்று துளைக்குள் குடியேறிவிடும். மரை போய்விட்டால் பயப்பட வேண்டாம், கம்பிச் சுருள் மரை போடலாம். அது ஸ்டீல் மரை என்பதால் பழையதைவிட உறுதியாகவே இருக்கும்.

கேள்வி: பழைய பேக்கிங் சாம்பல் நிறத்தில் நார்நாராக ஒட்டிக்கொண்டிருக்கிறது. கிரைண்டரில் ஒயர் பிரஷ் மாட்டித் தேய்க்கலாமா?
(பாலிடெக்னிக் மாணவி, நாகர்கோவில்)

பதில்: கூடாது. அந்தக் காலத்துப் பேக்கிங்குகளில் பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். தூளை மூச்சில் இழுத்தால் நுரையீரலில் தங்கிவிடும். பல பத்தாண்டு கழித்துப் புற்றுநோயாகவும் வரலாம். ஊதவும் கூடாது, காற்றுக் குழாய் பிடிக்கவும் கூடாது. தண்ணீரில் இரண்டு சொட்டு சோப்பு விட்டு நன்றாக நனைத்து, ஈரத்தோடு சுரண்டி, துடைத்த துணியோடு சேர்த்துப் பையில் கட்டிவிடுங்கள். அந்த நாளில் நாங்கள் வாயால் ஊதித்தான் சுத்தம் செய்தோம். யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

கேள்வி: பழைய காரில் போகும்போது அம்மாவுக்குத் தலைவலியும் குமட்டலும் வருகின்றன, இறங்கினால் சரியாகிறது. புகை வாசனையும் லேசாக இருக்கிறது. பெட்ரோல் வாசம் ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார்கள்.
(வாசகர், கும்பகோணம்)

பதில்: நாளைக்கு அந்த வண்டியில் அம்மாவை ஏற்றாதீர்கள். இறங்கினால் சரியாகும் தலைவலிக்குக் காரணம் எக்ஸாஸ்ட் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவாக இருக்கலாம். அதற்கு வாசனையே கிடையாது; உங்களுக்குத் தெரிவது கூட வரும் மற்ற புகையின் வாசம். மேனிஃபோல்டு ஒழுகினால் புகை காருக்குள் வரலாம்; அதன் ஓரத்தில் கரிக்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். காலையில் இஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, கனமான துணியைச் சுருட்டிச் சைலன்சர் வாயில் இரண்டு விநாடி அழுத்தச் சொல்லுங்கள். திறந்த வெளியில் செய்யுங்கள், ஷெட்டுக்குள் வேண்டாம். ஒழுகும் இடம் உங்கள் காதுக்கே தெரியும்.

மெக்கானிக் வரும்வரை அம்மா பஸ்ஸில் போகட்டும். அதற்குப் பிறகும் தலைவலி இருந்தால் மருத்துவரிடம் காரைப் பற்றியும் சொல்லுங்கள்.