அந்த 20 சீட்டு கணக்கு

கேள்வி: ரொடீசியாவுல வெள்ளைக்கார ஆட்சில மந்திரியா இருந்த பி.கே. வான் டெர் பைல், நாடு ஜிம்பாப்வே ஆனப்புறமும் 1987 வரைக்கும் எம்.பி.யா இருந்திருக்கார். ஜிம்பாப்வே ஆனதும் ஆட்சிக்கு வந்த கறுப்பர் தலைவர் முகாபேவே விட்டு வெச்சிருக்கார்னா ஆள் அவ்ளோ மோசம் இல்லன்னுதானே அர்த்தம்? (வாசகர், திருச்சி)

பதில்: முகாபே எங்கங்க விட்டு வெச்சார்? 1979ல லண்டன் லான்காஸ்டர் ஹவுஸ்ல வெள்ளைக்கார ஆட்சிய முடிக்க ஒப்பந்தம் பேசி முடிச்சப்பவே பார்லிமென்ட்ல 100 சீட்டுல 20 வெள்ளைக்காரங்களுக்குன்னு எழுதி வாங்கிட்டாங்க, அதுக்கு ஓட்டு போட்டதும் அவங்கதான், 1987ல அந்த 20ஐ தூக்குனாங்க, இவரும் கெளம்பிட்டார். இதுல நன்னடத்தை சர்டிபிகேட் எங்க வந்துச்சு?

வான் டெர் பைலோட அப்பா தென்னாப்பிரிக்காவுல பிரதமர் ஸ்மட்ஸ் கேபினட்ல மந்திரி, மகன் கேம்பிரிட்ஜ்ல படிச்சுட்டு ரொடீசியாவுல புகையிலை போட வந்தவர், 1962ல எம்.பி. பேசுற இங்கிலீஷ் கேட்டா லண்டன் பிரபுக்களே கூச்சப்படணும், அப்டி ஒரு பந்தா. 1965 நவம்பர் 11ல ரொடீசியா பிரதமர் இயான் ஸ்மித் பிரிட்டன கேக்காமலே சுதந்திரம்னு அறிவிச்சப்ப இவர் தகவல் துறை துணை மந்திரி. வெள்ளைக்காரங்க சுமார் 2.2 லட்சம், கறுப்பர்கள் சுமார் 40 லட்சம், ஆனா பார்லிமென்ட்ல 65க்கு 50 சீட்டு வெள்ளைக்காரங்க கைல, ஏன்னா வருமானம், சொத்து, படிப்புன்னு பாத்துதான் ஓட்டு.

உடனே பேப்பருக்கெல்லாம் சென்சார். வெட்டுன எடத்த எடிட்டருங்க வெள்ளையாவே விட்டு பேப்பர அச்சடிச்சாங்க, படிக்கறவனுக்கு எவ்ளோ நீளம் வெட்டுனாங்கன்னு தெரியும்ல. அப்புறம் வெள்ளையா விடக்கூடாதுன்னும் ஒரு தடை வந்துச்சு! எடிட்டர் சீட்ல உக்காந்திருக்கறதால எனக்கு இது கொஞ்சம் ஜாஸ்தியாவே சுடுது, ஒத்துக்கறேன். 1968ல இவரே அந்த துறைக்கு முழு மந்திரி ஆயிட்டார். 1974ல ராணுவத் துறையும் வெளியுறவுத் துறையும் சேத்து குடுத்தாங்க, பெட்ரோல்ல இருந்து ஹெலிகாப்டர் வரைக்கும் ரொடீசியா தென்னாப்பிரிக்காவ நம்பி இருந்த நேரத்துல அந்த ஊர் பிரதமர் வோர்ஸ்டருக்கே இவர கண்டா ஆகாது, 1976ல ராணுவத் துறை இவர் கைய விட்டு போச்சு.

நல்ல வெள்ளைக்காரர்தான் வேணும்னா கார்ஃபீல்ட் டாட் பத்தி கேட்டிருக்கலாமே. 1953லருந்து 1958 வரைக்கும் அங்க பிரதமர், கறுப்பர்களுக்கு ஓட்டுரிமைய கொஞ்சம் விரிவாக்க பாத்தார்னு சொந்த கேபினட்டே கவுத்துச்சு, 1972ல வான் டெர் பைல் மந்திரியா இருந்த அதே அரசாங்கம் அவர புடிச்சு ஜெயில்ல போட்டுச்சு. 2002ல, 93 வயசுல, அவரோட குடியுரிமைய பறிச்சது முகாபே அரசாங்கம். உங்க கணக்குப்படி பாத்தா டாட்தான் வில்லன்.