மகனுக்கு 18 முடிகிறது: கார்டியன் பேப்பருக்கு 60,000 ரூபாயா?

கேள்வி: என் மகனுக்கு ஆட்டிசம், பேச்சு வரவில்லை. வரும் தை மாதம் 18 வயது முடிகிறது. அதன் பிறகு அவனுடைய கணக்கை நான் இயக்கக் கோர்ட் ஆர்டர் வேண்டும் என்கிறது வங்கி. வாங்கித் தர ஒருவர் 60,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? – ஒரு தாய், தஞ்சாவூர்

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. 18 முடிந்தால் பெற்றோர் தானாகவே கார்டியன், அதாவது சட்டப்படியான பாதுகாவலர், என்பது போய்விடும். அந்த மட்டில் வங்கி சொல்வது சரி. ஆனால் ஆட்டிசம் உள்ளவர்களுக்குத் தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999 இருக்கிறது. அதன்படி கலெக்டர் தலைமையிலான குழுவே பாதுகாவலர் சான்று தரும், கோர்ட்டுக்குப் போக வேண்டாம். இந்தச் சான்றை ஏற்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2007-லேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. கவுன்டருக்குத்தான் அது இன்னும் வந்து சேரவில்லை! சான்றைக் காட்டிய பிறகும் வங்கி மறுத்தால், 'முடியாது' என்பதை எழுதித் தரச் சொல்லுங்கள்.

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரித்து, நீங்களும் கணவரும் சேர்ந்தே மனு கொடுங்கள். போட்டோவோடு, மாற்றுத்திறனாளி சான்று, வயதுச் சான்று, ஆதார் எல்லாவற்றுக்கும் நகல் மட்டும்.

நகல் என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கலெக்டர் ஆபீஸ் வாசலில் நிற்கும் புரோக்கர்கள் முதலில் கேட்பதே ஒரிஜினலைத்தான். அது அவர்கள் பைக்குள் போனபின் ரேட் ஏறும். வெற்றுத்தாளில் கையெழுத்து கேட்பார்கள். சொத்து இருக்கிற வீடு என்றால் அந்தத் தாளில் கார்டியனாகச் சித்தப்பா பெயர் ஏறிவிடவும் கூடும். சீக்கிரம் முடித்துத் தருகிறேன் என்பதும் சும்மா. குழு கூடினால்தான் சான்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும் என்கிறது சட்டம். கூட்டத் தேதி கேட்டு நடக்கிற அம்மாக்களைக் கேட்டால் தெரியும் லட்சணம்.

ஒன்று யோசியுங்கள். ஆட்டிசம் என்றாலே கார்டியன் கட்டாயம் இல்லை. பேச்சு இல்லை என்பதும் காரணம் ஆகாது. பத்து ரூபாய் எது, நூறு எது என்று தெரிந்து, வேண்டும் வேண்டாம் என்பதைப் படத்தைக் காட்டியோ டைப் செய்தோ சொல்லி, போடுவது எதற்கான கையெழுத்து என்று புரிந்தால், அவர் பெயரிலேயே கணக்கு நடக்கட்டும். கார்டியன் தேவையா, எதற்குத் தேவை என்று பார்ப்பது குழுவின் கடமை. சட்டத்தின் 14-வது பிரிவிலேயே இருக்கிறது. அவசரத்தில் யாரும் அதைக் கேட்பதில்லை. நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்.

குழுவின் விசாரணைக்கு மகனை அழைத்துப்போனால், கூட்டமும் சத்தமும் ஆகாது, முதலில் கூப்பிடுங்கள் என்று காலையிலேயே சொல்லிவையுங்கள். காதுக்கு ஹெட்போன் எடுத்துப்போங்கள்.

சான்று வந்தபின் ஆறு மாதத்துக்குள் மகனின் சொத்துப் பட்டியலை நீங்கள் குழுவிடம் கொடுக்க வேண்டும். பிறகு ஆண்டுதோறும் மார்ச் முடிந்து மூன்று மாதத்துக்குள் கணக்கு. தெரபி ஃபீஸ், மருந்து, துணிமணி என்று ஒரு நோட்டில் எழுதி, ரசீதைப் பின் குத்தி வைத்தால் போதும். ஆடிட்டர் வேண்டும் என்று எவராவது வந்தால், அவரையும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.