மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டவர் எந்த அளவுக்குத் தேறுவார் என்பதை ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்க முடியுமா?

இப்போதைக்கு முடியாது. எந்த ஒரு ரத்த அளவையும் வைத்து "இவர் எழுந்து நடப்பார்" என்றோ "மாட்டார்" என்றோ சொல்லிவிடக் கூடாது.

ஆய்வுகளில் அதிகம் அடிபடும் பெயர் ஜிஎஃப்ஏபி. மூளையின் ஆஸ்ட்ரோசைட் செல்களுக்குள் இருக்கும் புரதம் இது. ரத்தக்கசிவு அந்தச் செல்களைச் சட்டென்று கிழிப்பதால், சில மணி நேரத்திலேயே ரத்தத்தில் ஏறிவிடும். அடைப்பால் வரும் பக்கவாதத்தில் செல்கள் மெதுவாகச் சாவதால் ஏற்றமும் தாமதமாகும். ஆகவே இரண்டையும் பிரித்தறிய ஜிஎஃப்ஏபி நன்றாகவே உதவும். தேறுவதைக் கணிப்பது என்று வந்தால், கசிந்து உறைந்த ரத்தக்கட்டி எவ்வளவு பெரிதோ அவ்வளவு ஜிஎஃப்ஏபி. அந்த அளவைத்தான் சிடி ஸ்கேன் ஏற்கெனவே காட்டிவிட்டதே!

என்எஃப்எல் என்பது நரம்பிழைகள் அறுபடும்போது கசியும் புரதம். நாள்கணக்கில், வாரக்கணக்கில் மெல்ல ஏறும். முதல் நாள் குறைவாக இருந்தது என்று நிம்மதி அடைந்தால் ஏமாந்துபோவோம். வயதானவர்களுக்கும், சிறுநீரகம் பழுதானவர்களுக்கும், சர்க்கரையால் கால் நரம்பு கெட்டவர்களுக்கும் ரத்தக்கசிவே இல்லாமல் கூட இது கூடுதலாக இருக்கும்.

என்எஸ்இ என்பது நரம்பு செல்களில் இருக்கும் ஒரு நொதி. இதன் பரிசோதனையில் தவறு பெரும்பாலும் ரத்தம் எடுக்கும்போதே நடக்கிறது. சிவப்பணுக்களிலும் இந்த நொதி உண்டு. ஊசியில் வேகமாக உறிஞ்சினாலோ குழாயைக் குலுக்கினாலோ அணுக்கள் உடைந்து, சுழற்றிப் பிரித்த சீரம் வெளிர் மஞ்சளாக இல்லாமல் இளஞ்சிவப்பாக நிற்கும். அந்த மாதிரியில் வரும் எண் பொய்யாக உயர்ந்தது. மறுபடி எடுக்க வேண்டும்.

சாதாரண ரத்த எண்ணிக்கையிலேயே கிடைப்பது நியூட்ரோஃபில், லிம்ஃபோசைட் என்ற இரண்டு வகை வெள்ளையணுக்களின் விகிதம். நியூட்ரோஃபில் 84, லிம்ஃபோசைட் 7 சதவீதம் என்றால் 84 ÷ 7 = 12. அதிகமாக இருந்தால் விளைவு மோசமாகும் வாய்ப்பு கூடுதல் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் நிமோனியா வந்தாலும், ஸ்டீராய்டு கொடுத்தாலும் இதே எண் எகிறும்.

மருத்துவரிடம் நீங்கள் கேட்க வேண்டியவை வேறு: நினைவுநிலைக்கான கிளாஸ்கோ மதிப்பெண் எத்தனை, கசிவு எத்தனை மில்லி, மூளையின் அறைகளுக்குள் ரத்தம் இறங்கியிருக்கிறதா, கசிவு சிறுமூளையிலோ மூளைத்தண்டிலோ இருக்கிறதா. இவற்றோடு வயதையும் சேர்த்ததுதான் 2001-இல் வந்த, மூளை ரத்தக்கசிவின் தீவிரத்தை மதிப்பிடும் ஐசிஎச் ஸ்கோர். மில்லி கணக்கு எளிது: ஸ்கேனில் நீளம் 4, அகலம் 3, உயரம் 3 செ.மீ. என்றால் பெருக்கிப் பாதியாக்கினால் 18 மில்லி. 30-ஐத் தொட்டால் ஸ்கோரில் ஒரு புள்ளி கூடும்.

அந்த ஸ்கோரையும் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். "தேறமாட்டார்" என்று முடிவுகட்டிச் சிகிச்சையைக் குறைத்தால் நோயாளி இறந்துபோவார், கணிப்பும் பலித்ததுபோல் ஆகிவிடும். இந்த ஆபத்தைக் கருதித்தான், முன்பே அப்படி விருப்பம் தெரிவிக்காதவர்களுக்கு உயிர்காக்கும் முயற்சிகளை நிறுத்தும் முடிவை மருத்துவமனையில் சேர்ந்த இரண்டாவது முழுநாள் வரையாவது தள்ளிவைக்கச் சொல்கிறது அமெரிக்க இதய சங்கத்தின் 2022 வழிகாட்டுதல்.

முதல் நாளில் உண்மையிலேயே உயிரைக் காக்கும் ரத்தப் பரிசோதனைகள் பழையவைதான்: ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர், பிளேட்லெட், சர்க்கரை. நோயாளி ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர் என்றால் அதை உள்ளே நுழைந்ததுமே சொல்லிவிடுங்கள். அதன் வேலையை முறிக்க மருந்து இருக்கிறது; கட்டி பெரிதாவது பெரும்பாலும் முதல் சில மணி நேரத்தில்தான்.