மணமேடையில் அப்பாவின் படம்

கேள்வி: என் கணவர் 1998-இல், 31 வயதில் தவறிவிட்டார். தை மாதம் மகளுக்குக் கல்யாணம். அப்பா இன்று இருந்தால் எப்படி இருப்பாரோ, அப்படி ஒரு படம் செய்து மேடையில் வைக்க ஆசைப்படுகிறாள். கல்யாண ஆல்பமும் ஒரு பாஸ்போர்ட் சைஸ் படமும்தான் இருக்கின்றன. முகம் மாறாமல் வருமா?
– வாசகி, உசிலம்பட்டி

பதில்: வரும். ஆனால் செல்போன் செயலியை மட்டும் நம்பினால் யாரோ ஒரு பெரியவர்தான் வந்து நிற்பார். நரையையும் சுருக்கத்தையும் அது பொதுவாகப் பூசிவிடும். உங்கள் மாமனார், கணவரின் அண்ணன் தம்பிகள், தாய்மாமன் ஆகியோர் 55, 60 வயதில் எடுத்த படங்களைத் திரட்டுங்கள். வழுக்கை எங்கே தொடங்கியது, கன்னம் ஒட்டியதா தொங்கியதா, மீசை முதலில் நரைத்ததா என்பதெல்லாம் அவற்றில் தெரியும். காணாமல்போன குழந்தைகளுக்கு வயதேற்றிப் படம் செய்கிறவர்களும் பெற்றோர் படங்களைத்தான் ஆதாரமாக வைக்கிறார்கள். கண்களின் இடைவெளி, காது மடலின் வடிவம், மச்சம், தழும்பு இவற்றைத் தொடவே கூடாது.

ஆல்பப் படம், பாஸ்போர்ட் படம் இரண்டில் முகம் எதில் கூர்மையோ அதைப் படம் செய்பவரிடம் கொடுங்கள். நெகட்டிவ் கிடைத்தால் இன்னும் நல்லது. பாஸ்போர்ட் படம் 3.5 செ.மீ. அகலம்தான், 1200 டிபிஐயில் (அங்குலத்துக்கு 1200 புள்ளி) ஸ்கேன் செய்தால் சுமார் 1650 புள்ளி வரும். 12 அங்குல அகலப் பிரிண்டுக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், 3600 வேண்டும். இருக்கும் புள்ளிகளை அளவுக்குமேல் இழுத்தால் மெழுகு பொம்மைதான். ஆல்பத் தாள் சொரசொரப்பாக இருந்தால் நேராக ஒருமுறை, தலைகீழாக ஒருமுறை ஸ்கேன் செய்து இரண்டையும் ஒன்றாக்கச் சொல்லுங்கள். புள்ளி நிழல் பெரும்பாலும் அடங்கிவிடும். கண்ணாடியில் ஒட்டிய படத்தைப் பிய்க்காதீர்கள். கண்ணாடியோடே ஸ்கேன் செய்யலாம். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ‘டாக்குமெண்ட்’டாக அனுப்புங்கள்.

முதலில் ஏ4 தாளில் பிரிண்ட் எடுத்து மாமியாரிடம் தனியாகக் காட்டுங்கள். பெற்றவர் கண் ஏற்காத படத்தை மேடையில் வைக்க வேண்டாம். பெரிய பிரிண்டுக்குக் கொடுப்பது அதற்கப்புறம்தான். சந்தனமும் குங்குமமும் வைப்பீர்கள் என்பதால் கேன்வாஸ் பிரிண்ட் வேண்டாம், கறை போகாது. கண்ணாடி ஃபிரேமே சரி. படம் கண்ணாடியில் ஒட்டாமல் நடுவில் மவுண்ட் அட்டை (படத்தின் ஓரத்தைச் சுற்றி வரும் தடித்த அட்டை) வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நாலு வயதில் இறந்த தம்பியை இளைஞனாகக் காட்ட முடியுமா?
– வாசகர், திருமங்கலம்

பதில்: காட்டலாம், ஆனால் அது உங்கள் தம்பியாக இருக்காது. மூக்கும் தாடையும் பெரிதும் வளர்ந்து உருமாறுவது அந்த வயதுக்குப் பிறகுதான். வருவதில் பாதிக்குமேல் ஊகம். இருக்கும் படத்தில் மடிப்பையும் பூஞ்சைக் கறையையும் நீக்கிப் பெரிதாக்குவதே எங்கள் யோசனை. முகத்தில் கை வைக்கக் கூடாது என்று எழுதியே கொடுங்கள். மங்கலைத் தெளிவாக்கும் செயலிகள் பல்லையும் இமையையும் தாமாகவே வரைந்துவிடும்.