ஒரே மாதிரி வீடு, யூனிட் மட்டும் ஏன் இரு மடங்கு?

கேள்வி: எங்கள் வீடும் எதிர்வீடும் ஒரே அளவு. இரண்டிலும் நான்கு பேர், கிட்டத்தட்ட அதே சாதனங்கள். ஆளில்லாத அறையில் நாங்கள் விளக்கை எரியவிடுவதே இல்லை. அப்படியும் எங்களுக்குத்தான் இரு மடங்கு யூனிட் ஓடுகிறது. மீட்டரில் கோளாறா?

பதில்: மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு அரை மணி நேரம் மீட்டரைக் கவனியுங்கள். அப்போதும் எண் ஏறினால் மின் அலுவலகத்தில் புகார் கொடுங்கள். ஏறவில்லை என்றால், பெரும்பாலும் காரணம் பழக்கம்தான்.

இந்த வித்தியாசம் புதிதல்ல. 1970களில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமெரிக்காவின் நியூஜெர்சியில் உள்ள ட்வின் ரிவர்ஸ் குடியிருப்பில், ஒரே வரைபடத்தில் கட்டிய வீடுகளின் எரிபொருள் செலவை அளந்தார்கள். வீட்டுக்கு வீடு இரு மடங்கு வரை வேறுபட்டது. ஒரு குடும்பம் காலி செய்து வேறொன்று குடிவந்தபோது அதே வீட்டின் கணக்கும் மாறியது. சுவரும் கூரையும் அப்படியேதான் இருந்தன.

விளக்கை அணைக்கும் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். ஆனால் கண்ணுக்குத் தெரிவதாலேயே அதைப் பெரிய சேமிப்பு என்று நம்பிவிடுகிறோம். அதிகம் இழுப்பவை, சூடாக்கும் சாதனங்களும் குளிர்விக்கும் சாதனங்களும்.

குளியலையே எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 10 லிட்டர் கொட்டும் ஷவரில் 10 நிமிடம் நின்றால் 100 லிட்டர். அதை மின்சார ஹீட்டரில் 15 டிகிரி செல்சியஸ் சூடேற்ற ஏறத்தாழ 1.7 யூனிட் வேண்டும். 9 வாட் எல்இடி பல்பு ஒன்றை ஒரு வாரத்துக்கும் மேலாக இரவு பகல் அணைக்காமல் எரித்தால்தான் இவ்வளவு செலவாகும்! 20 லிட்டர் வாளியில் குளித்து முடிப்பவருக்கு 0.35 யூனிட் போதும். நான்கு பேரும் தினமும் குளித்தால், மாதத்தில் 160 யூனிட் வித்தியாசம் இங்கேயே வந்துவிடும்.

ஏசியை 18-க்கு இறக்கினால் அறை சீக்கிரம் குளிரும் என்பது தவறான எண்ணம். அதிக நேரம் ஓடும், அவ்வளவுதான். 25 அல்லது 26-இல் வைத்து, கூடவே மின்விசிறியைப் போடுங்கள். விசிறி ஆளைத்தான் குளிர்விக்கும், அறையை அல்ல. எழுந்து போகும்போது அதையும் அணையுங்கள்.

ஒரு வாரம் பழையபடியே இருந்து, தினமும் ஒரே நேரத்தில் மீட்டர் எண்ணைக் குறியுங்கள். அடுத்த வாரம் குளியல் முறையை மட்டும் மாற்றிக் குறியுங்கள். அதற்கடுத்த வாரம் ஏசி. ஒரே சமயத்தில் எல்லாவற்றையும் மாற்றினால் எது பலன் தந்தது என்று பிடிபடாது.