பேனா கடையும்போது மரம் ஏன் வெடிக்கிறது?

மேசை, அலமாரி செய்து பழகியவர் நீங்கள்; லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) பேனா செய்யத் துளை போட்டால் மட்டும் கட்டை வெடிக்கிறது, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெரும்பாலும் சூடுதான் காரணம். ஸ்லிம்லைன் என்ற மெல்லிய வகைப் பேனாவுக்கு 7 மி.மீ. துளை வேண்டும். துளையிடும் பிட்டின் சுருளில் தூள் அடைத்தால் உராய்வு கூடி மரம் பிளக்கும். ஒவ்வொரு 10 மி.மீ. இறங்கியதும் பிட்டை முழுதாக வெளியே எடுத்துத் தூளை உதறுங்கள். மறுமுனை பிய்ந்துபோகிறதா? கட்டையை 10 மி.மீ. கூடுதலாக விட்டு, துளை மறுபக்கம் வருமுன் நிறுத்தி, மூடிய முனையை அறுத்துவிடுங்கள்.

துளைக்குள் போகும் பித்தளைக் குழாயை உப்புத்தாளால் சுரண்டி, எபாக்ஸி பசை தடவி, சுழற்றியபடியே நுழைத்துவிடுங்கள். சூப்பர் குளூ பாதி வழியிலேயே பிடித்துவிடும். பசை விடுபட்ட இடத்தில்தான் உளி பட்டதும் மரம் பெயரும்.

சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். இங்கே புதிதாக வெட்டிய அங்சானா, தூங்குமூஞ்சிக் கட்டை உடனே உதவாது. குளிர்சாதன அறைக்குப் போனதும் மரம் சுருங்கும், உள்ளே பித்தளை சுருங்காது, விரிசல் நிச்சயம். வாரம் ஒருமுறை எடை போடுங்கள். எடை குறைவது நின்ற பிறகே துளையிடுங்கள்.

மரச்சாமான் வேலையில் எதையும் இறுக்கிப் பழகிய கைக்கு ஒரு எச்சரிக்கை: மாண்ட்ரல் (கட்டையை லேத்தில் கோத்துப் பிடிக்கும் தண்டு) நட்டுக்கு விரல் இறுக்கமே போதும். மிஞ்சினால் தண்டு வளைந்து, பேனா உருண்டையாக வராமல் நீள்வட்டமாகிவிடும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்குள் கடைந்தால் தூசிக் கவசம் கட்டாயம்.